தள்ளுதற்சீட்டு

அகல்யா வீட்டுச் சமையலறையிலிருந்து முதலில் போனது நண்டு. அடுத்தது இறால். அதற்கடுத்த மாதம் சுறாவும் கெளுத்தியும் போயின. தண்ணீரில் வாழ்கிறவற்றில் சிறகும் செதிளும் இல்லாத எதையும் தின்னக் கூடாது என்று மோசேயின் சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். எப்போது எழுதியது, யாருக்கு எழுதியது, அதை ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிற ஒரு குடும்பம் எதற்காகத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்றெல்லாம் அகல்யா கேட்கவில்லை. புருஷனுக்குச் சர்க்கரை வந்தால் அரிசியைக் குறைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஆட்டு ரத்தப் பொரியலும் நின்றது. பிறகு சனிக்கிழமை அடுப்புப் பற்றவைப்பது நின்றது. இதில் அவளுக்குக் கொஞ்சம் லாபம்தான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் புளிசோறு கிளறி வைத்துவிட்டால் மறுநாள் முழுக்கக் கால் நீட்டிக்கொண்டு உட்காரலாம். இருபத்திமூன்று வருஷக் குடித்தனத்தில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு கொடுத்த முதல் ஆள் மோசேதான்.

அவள் புருஷன் பாஸ்கரன் எதைச் செய்தாலும் அளவாகச் செய்கிற மனிதன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. மற்றவர்கள் கடைந்து கொடுக்கிற பாகங்களை அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று சொல்ல வேண்டும். முடி அகலம் பிசகினாலும் ஓரமாகத் தள்ளிவிடுவான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் அம்பத்தூர் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டபோது, தண்ணீருக்குள் தலை முழுசாக முங்கியதா என்று பாஸ்டரிடம் இரண்டு முறை கேட்டவன் அவன். போன வருஷம் யாரோ கூப்பிட்டார்கள் என்று கரையான்சாவடியில் நடக்கிற சனிக்கிழமை வகுப்புக்குப் போக ஆரம்பித்தான். மெயின் ரோட்டில் பைக் சீட் கவர் தைக்கிற கடைக்கு மேலே ஒரு ஹால். நடத்துகிறவர் வீரராகவன் என்று ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். குரலை உயர்த்த மாட்டார், காணிக்கை கேட்க மாட்டார், கேள்வி கேட்டால் சந்தோஷப்படுவார். பாஸ்கரனுக்கு அது போதும். இயேசு சட்டத்தை ஒழிக்க வரவில்லை, ஆகவே சட்டம் இன்னும் அப்படியே நிற்கிறது என்பது வீரராகவனின் கட்சி. அம்பத்தூர் சபையில் கேட்டது அதற்கு நேர்மாறு. அங்கே எல்லாம் கிருபை, கிருபை, கிருபை. கிருபைக்கு அளவு கிடையாது என்கிறார்கள். அளவே இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு இன்ஸ்பெக்டர் என்ன செய்வான்?

இரண்டு வகை நூல் கலந்த துணி ஆகாது என்று ஒரு சனிக்கிழமை படித்துவிட்டு வந்தபோது மட்டும் கொஞ்சம் சிக்கல் ஆனது. தொழிற்சாலைச் சீருடை டெரிகாட்டன். இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். முதலாளி கொடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம் என்று வீரராகவன் சொன்ன பிறகுதான் சட்டைக்கு இஸ்திரி போட்டான். அகல்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தவன் சாப்பிடவில்லை. தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய் ஹாலில் போட்டுக்கொண்டான். முதுகுவலியாக்கும் என்று அவள் தைலத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவனே தேய்த்துக்கொள்வதாகச் சொன்னான். ஞாயிறும் அப்படியே. திங்களும் அப்படியே. செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்து வந்தவன் முன்னால் காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா மாமா கீது உனக்கு? ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு ஹால்ல படுத்துனுகீற?"

பாஸ்கரன் காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மோசே சட்டத்துல பதினெட்டாம் அதிகாரம் படிச்சோம் அகல்யா. யாரு யாரக் கட்டக்கூடாதுன்னு கீது. நெருங்குன ரத்த சம்பந்தம் ஆவாது. நாம சேந்து வாயுறது கர்த்தருக்கு அருவருப்பு."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பாஸ்கரன் அகல்யாவின் அம்மா எல்லம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. திருவேற்காட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அக்கா மகளைக் கட்டுவது அதிசயமில்லை. கட்டாமல் விட்டால்தான் நாலு பேர் கேட்பார்கள். அகல்யா வயசுக்கு வந்தபோது பச்சை ஓலையில் குடிசை கட்டினவன் அவன்தான், சீர் கொண்டுவந்தவன் அவன்தான், அப்புறம் தாலி கட்டினவனும் அவன்தான். பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் வேறு எப்படியும் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை.

"அதுக்கு இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"நீ இங்கியே இரு. சம்பளம் வந்தா உங்கையில குடுத்துடறேன். ஷர்மிளா படிப்புக்கும் ஒண்ணும் கொறையில்ல. புருஷன் பொண்டாட்டின்றது மட்டும் வேணாம். வர சனிக்கெயம வகுப்புல எல்லார் முன்னாடியும் எய்ந்து நின்னு அறிக்கை பண்ணிடறேன்."

"எல்லார் முன்னாடியுமா? இன்னான்னு?"

"இது பாவம்னு."

ஷர்மிளா அவர்கள் மகள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். "அவ கிட்ட இன்னான்னு சொல்லுவ? நீ பாவத்துல பொறந்தவன்னா?" என்று அகல்யா கேட்டாள். காப்பி ஆறி ஏடு கட்டிவிட்டது. அவளே எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். இத்தனை வருஷம் ஒரு ஆளுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவளைச் சீட் கவர் கடை மாடியில் முப்பது பேருக்கு நடுவில் அருவருப்பு என்று சொல்லப்போகிறான். சனிக்கிழமைக்கு இடையில் மூன்றே நாள்.

புதன்கிழமை அவள் அம்பத்தூருக்குப் பஸ் ஏறினாள். பாஸ்டர் சின்னசாமி நல்ல மனிதர். அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது தினமும் வந்து ஜெபித்தவர், அவர் மனைவி கஞ்சி கொண்டுவந்தவர். அந்தக் கஞ்சியில்தான் அவள் கிறிஸ்தவள் ஆனாள் என்றுகூடச் சொல்லலாம். விஷயத்தைக் கேட்டதும் பாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாம சட்டத்துக்குக் கீழ இல்லம்மா. கிருபைக்குக் கீழ இருக்கோம். சிலுவையில எல்லாம் முடிஞ்சுது. அவர் கிட்ட நான் பேசறேன்" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

பாஸ்கரன் மரியாதையாகத்தான் பேசினான். "சட்டம் முடிஞ்சிடுச்சின்னா கொலை பண்ணலாமா பாஸ்டர்? திருடலாமா?"

"அது வேற பிரதர். பலி, சாப்பாடு, துணி, இதெல்லாம் நிழல். அது போயிடுச்சு. ஒழுக்கத்துக்கான கட்டளை நிக்குது."

"அப்டி பிரிச்சு எந்த அதிகாரத்துல எய்தி கீது?"

"நேரா அப்படி எழுதியிருக்காது. நாம புரிஞ்சிக்கணும்."

"சரி பாஸ்டர். பதினெட்டாம் அதிகாரம் பலியா, சாப்பாடா, ஒழுக்கமா?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதே அதிகாரத்திலிருந்து அவரே வாலிபர் கூட்டத்தில் மூன்று பிரசங்கம் செய்திருக்கிறார். வேண்டியபோது எடுத்துக்கொண்டு வேண்டாதபோது நிழல் என்று சொல்வது அவருக்கே ஒப்பவில்லை போலிருக்கிறது. இன்னும் பத்து நிமிஷம் வசனத்துக்கு வசனம் போனது. கடைசியில் "ஜெபிப்போம் பிரதர்" என்று வைத்துவிட்டார்.

ஜெபிப்பதற்கு அகல்யா அம்பத்தூர் வரைக்கும் வந்திருக்க வேண்டியதில்லை. அதை ஆவடியிலேயே செய்திருக்கலாம். எழுந்தாள். பாஸ்டர் வாசல் வரைக்கும் கூட வந்தார். மனசு கேட்காமல் சொன்னார்: "ஒண்ணு மட்டும் அவர்கிட்ட சொல்லும்மா. சட்டத்தைக் கையில எடுத்தா முழுசா எடுக்கணும். இதை எடுத்துக்கிட்டு அதை விட முடியாது. அது யாராலயும் ஆகாதுன்னுதான் ஆண்டவர் வந்தார்."

பஸ்ஸில் வரும்போது அந்த முதல் பாதி மட்டும் அவள் காதில் நின்றது. முழுசா எடுக்கணும்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். வரிக்கு வரி விரலை வைத்து மெதுவாகத்தான் படிக்க வரும். தகப்பன் மனைவி ஆகாது. சகோதரி ஆகாது. மகன் வயிற்றுப் பேத்தி ஆகாது. அத்தை ஆகாது, சித்தி ஆகாது, பெரியம்மா ஆகாது. சித்தப்பன் பெண்டாட்டி ஆகாது. மகன் பெண்டாட்டி ஆகாது. அண்ணி ஆகாது. அதிகாரத்தின் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பவும் மேலேயிருந்து வந்தாள். அக்கா மகள் இல்லவே இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தது இல்லாத ஒரு வரிக்காகவா?

சாயந்தரம் அவன் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் வேதத்தைத் திறந்து வைத்தாள். "எங்க கீது காட்டு. அக்கா பொண்ணு எங்க கீது?"

"பேர் போட்டு இல்ல. வாத்தியாரும் அதத்தான் சொன்னாரு. ஆனா அத்தைய மருமவன் கட்டக்கூடாதுன்னு கீதில்ல? அதையே திருப்பிப் பாரு. மாமன் மருமவளக் கட்டறதும் அதே தூரந்தான். துளைக்கு ஒரு அளவு குடுத்துட்டா உள்ள போற தண்டுக்குத் தனியா எய்தணுமா?"

"நா துளையும் இல்ல தண்டும் இல்ல மாமா. பொம்பள. கர்த்தர் எய்தாத வரிய நீ இன்னாத்துக்கு எய்தற?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். பேசியபோது அது வேறு குரலாக இருந்தது.

"அந்தப் புள்ள."

அகல்யா திறந்திருந்த வேதத்தை மூடினாள்.

"ஆஸ்பத்திரில அந்த டாக்டரம்மா இன்னா கேட்டுச்சு? சொந்தத்துல கல்யாணமான்னு கேட்டுச்சு. அக்கா பொண்ணுன்னேன். தலைய நிமித்தாம சீட்டுல ஏதோ எய்துச்சு. அது இன்னா எய்துச்சுன்னு இருவத்திரெண்டு வருஷமா யோசிச்சினு கீறேன் அகல்யா. போன சனிக்கெயம வாத்தியார் படிக்கசொல்லத்தான் தெரிஞ்சுது."

ஷர்மிளாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தவன் ஒருநாள் காலையில் நிறுத்திவிட்டான். இடது காது மடல் மட்டும் உள்ளே மடிந்திருக்கும். பால் குடிக்கும்போது அகல்யா அதை விரலால் நீவி விடுவாள். அவன் போன பிறகு பாஸ்கரன் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆம்பளை, மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் மறந்தானே என்று எத்தனையோ நாள் அவனை உள்ளுக்குள் வெறுத்திருக்கிறாள். இப்போது பார்த்தால் மறக்கவே இல்லை. மறக்காமல் வைத்திருந்து, கூட உட்கார்ந்து அழ வேண்டியவன், காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்தக் காரணம் அவள்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழலாமா, அந்தத் தட்டை எடுத்து அடிக்கலாமா என்று அவளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடியற்காலையில் மறுபடி வேதத்தை எடுத்தாள். முழுசா எடுக்கணும் என்று பாஸ்டர் சொன்னாரே, முழுசையும் பார்த்துவிடுவோம் என்று பதினெட்டாம் அதிகாரத்திலிருந்து பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். ஆடு மாடு, எண்ணெய், பலிபீடம், குஷ்டம் எல்லாம் தாண்டி அடுத்த புத்தகங்களுக்கும் போய், ஒரு இடத்தில் விரல் நின்றது. பெண்டாட்டியிடம் ஆகாத காரியம் எதையாவது கண்டால், புருஷன் ஒரு சீட்டு எழுதி, அவள் கையில் கொடுத்து, வீட்டை விட்டு அனுப்ப வேண்டும். அவள் அதை இரண்டு முறை படித்தாள். தள்ளுதற்சீட்டு. சபையில் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறாள். இதுதானா அது?

அவன் டியூட்டிக்குக் கிளம்பும்போது சொன்னாள். "சாயந்தரம் சீக்கிரம் வா. பொயுது சாயறதுக்குள்ள சட்டப்படி முடிக்க வேண்டியது ஒண்ணு கீது."

அஞ்சு மணிக்கு அவன் வந்தபோது மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. பக்கத்தில் அவள் துணிப்பை. அவள் நல்ல புடவை கட்டி, தலை வாரி, திறந்த வேதத்தில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படி" என்றாள்.

அவன் நின்றபடியே படித்தான். "இது இன்னாத்துக்கு? நா ஒன்ன போவச் சொல்லலியே. இங்கியே இருன்னுதான..."

"அது எந்த வரில கீது? பொண்டாட்டிய ஆவாதுன்னு சொல்லிட்டு அவ கையால சோறு துன்னுகினு ஒரே ஊட்ல இருன்னு எங்க எய்தி கீது? எய்திக் குடு, கையில குடு, அனுப்புன்னுதான் கீது. நண்டு வேணாம்ன, உட்டேன். இறா வேணாம்ன, உட்டேன். அதுல ஒரு துண்டு கூட மீதி வெக்கல நானு. என்னை மட்டும் மீதி வெச்சுக்குவியா?"

"அகல்யா..."

"பாதி சட்டம் வேணாம் மாமா. எய்து."

அவன் உட்கார்ந்தான். பிடிவாதத்தில் அக்கா குடும்பத்துக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது, ஒரே ரத்தம். அதுதானே பிரச்சினையே. தொழிற்சாலையில் தேறாத பாகத்துக்கு எழுதுகிற மாதிரி முதலில் தேதியைப் போட்டான். பாஸ்கரன் ஆகிய நான், எல்லம்மாவின் மகள் அகல்யாவை வேதத்தின் சட்டப்படி என் வீட்டிலிருந்து அனுப்பிவிடுகிறேன் என்று எழுதினான். அதற்குக் கீழே காரணம் என்று போட்டு இரண்டு புள்ளி வைத்தான். சொந்தம் என்று எழுதி அடித்தான். முறைகேடு என்று எழுதி அதையும் அடித்தான். அப்புறம் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டான். காரணம் எழுதாமல் எதையும் தள்ளினவன் இல்லை அவன். காது நுனிவரை சிவந்துவிட்டது.

அகல்யா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மடிக்கவில்லை. "வா, கெளம்பு. வண்டிய எடு."

"எங்க?"

"பொண்ண எங்கேர்ந்து இட்டாந்தியோ அங்க கொண்டு போய் ஒப்படைக்கணுமா இல்லியா? அனாதையா பஸ் ஸ்டாண்டுலயா உடுவ? எங்கம்மா ஊட்ல உட்டுட்டு, இன்னாத்துக்கு உடறேன்னு எங்கம்மா கிட்ட நீயே சொல்லிட்டுப் போ."

அப்போதுதான் பாஸ்கரனுக்கு உறைத்தது. அகல்யாவின் அம்மா வீடு என்பது அவன் பிறந்த வீடு. அவளுடைய அம்மா என்பது, தாய் செத்த பிறகு மூன்று வயசுப் பையனாக இருந்த அவனை இடுப்பில் வைத்து வளர்த்த எல்லம்மா அக்கா. உலகத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் அழலாம். அவனுக்கு அழப் போகிற வீடும் அதுதான்.

"அக்கா கிட்டயா?" என்றான்.

"எனக்கு வேற அம்மா ஊடு கீதா?"

திருவேற்காட்டுக்குப் பைக்கில் போய்ச் சேர்ந்தார்கள். எல்லம்மா வீட்டு முன்பக்கத்தை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பின்கட்டில் டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முதலில் பார்த்தது மகள் கையில் இருந்த பையைத்தான். அப்புறம் தம்பி முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடா, பேயறஞ்ச மாரி நிக்கற?"

அகல்யா தாளை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "மாமா ஒரு சீட்டு எய்தி கீது. உனக்குப் படிச்சுக் காட்டும்."

எல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. டிவியை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் படித்தான். மூன்று வரிதான், அதற்குள் இரண்டு இடத்தில் நின்றான். காரணம் என்கிற இடத்தில் நின்றே போய்விட்டான். அதை வாயால் சொல்லச் சொன்னாள் எல்லம்மா. அவன் தலையைக் குனிந்துகொண்டு அத்தையையும் மருமகனையும் சொன்னான், ரத்த சம்பந்தத்தைச் சொன்னான், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதைச் சொன்னான், பதினோரு நாளைச் சொன்னான். எல்லம்மா கோயிலுக்குப் போகிறவள். தம்பியும் மகளும் வேதத்துக்குப் போனபோது இரண்டு மாசம் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் பேசினவள். இது கிருபையா சட்டமா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் தப்பு, தண்டனை என்றால் தெரியும்.

"அப்ப இந்தக் கல்யாணம் தப்பு. அப்டித்தான?"

"சட்டப்படி..."

"கட்டி வெச்சது யாரு? நானு. நீ வேணாக்கா, எனக்குக் கல்யாணமே வேணாம்னு திரிஞ்ச. இவ இருவது வயசு, ஒண்ணுந்தெரியாத பொண்ணு. எவளோ ஒருத்தி வந்து எந்தம்பிக்குச் சோறு போடுவாளோ மாட்டாளோன்னு பயந்துகினு நாந்தான் கட்டி வெச்சேன். இதுக்கு உங்க சட்டத்துல இன்னா தண்டன?"

பாஸ்கரன் கையிலிருந்த தாளையே பார்த்தான்.

"சொல்றா. எய்தி இருக்குமில்ல?"

"ஜனத்துலேர்ந்து அறுத்துப் போட்டுடணும்னு கீது."

"அப்டீன்னா?"

"ஒதுக்கி வெச்சுடணும்."

எல்லம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "சரி. அந்த சீட்டுல இவ பேர அடிச்சுட்டு எம்பேர எய்து. தப்பு பண்ணது நானு, என்னை ஒதுக்கிடு. உங்க ஊட்டு வாசல்ல நா இனிமே கால் வெக்கல. நா செத்தாக்கூட நீ வர வேணாம், பக்கத்து ஊட்டுக்காரன் தூக்கட்டும். இவள இட்டுகினு போ. சின்னதுங்க ரெண்டும் நல்லாருங்க."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே பேனாவைத் தேடினாள். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தண்டனையை இன்னொருவர் வாங்கிக்கொண்டதைக் கண்ணை மூடிப் பாடுகிறவன், கண்ணைத் திறந்துகொண்டு அக்காவையே பார்த்தான். இதை அளக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

"ஒம்மேல தப்பு இல்லக்கா" என்றான்.

"அப்ப இவ மேலயா?"

"இல்ல."

"அப்ப யாரு மேலடா?"

"எம்மேல. அந்தப் புள்ள..." என்றான். சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தான்.

அகல்யா அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். தனக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த ஒன்றை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"யாரு மேலயும் இல்ல மாமா. பொறந்தான். பதினோரு நாள் இருந்தான். செத்துட்டான். அவ்ளோதான்."

பாஸ்கரன் அழுதான். தோள் குலுங்க, சத்தமாக, ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். எல்லம்மா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஒருத்தரும் அவனைத் தேற்றவில்லை. இருபத்திரெண்டு வருஷம் பாக்கி இருந்ததை அழுது முடிக்கட்டும் என்று அகல்யா காத்திருந்தாள், அவளும் அழுதாள். வெளியே பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. மூன்று பேரில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்தவன் அந்தத் தாளைத் தேடினான். அது அகல்யா மடியில் இருந்தது. "குடு, கிழிச்சுடறேன். நாளைக்கு நா எய்ந்து ஒண்ணும் சொல்லல" என்றான்.

"கிழிக்க வேணாம். எங்கையில குடுத்தது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீ கரையான்சாவடிக்குப் போ, அம்பத்தூருக்குப் போ, உன் இஷ்டம். சட்டம் கீதா போய்டுச்சான்னு நீயும் பாஸ்டரும் பேசிக்குங்க. சனிக்கெயம அடுப்பு வேணாம்னா வேணாம். ஆனா எம்புள்ளைய இனிமே அதுல தேடாத மாமா. அவனப் பத்தி எதுனா தெரியணும்னா எங்கிட்ட கேளு."

பாஸ்கரன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வண்டிச் சாவியைப் போட்டான், திருகவில்லை. அவள் பின்னால் ஏறி உட்காரும் வரைக்கும் முன்னால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு நாம பேரு கூட வெக்கலியே அகல்யா" என்றான்.

"நா வெச்சேன். பால் குடுக்கசொல்ல அதச் சொல்லித்தான் கூப்புடுவேன்."

"இன்னா பேரு?"

"தமிழரசு."